பால் பத்தலையா, தூக்கம் பழகலையா?

பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தை. இரவு இரண்டு மணி. பால் குடித்துக்கொண்டே மார்பில் தூங்கிப்போயிருக்கிறது. இறுக மூடியிருந்த விரல்கள் தளர்ந்து, வாய் தானாக விலகிவிட்டது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிலில் கிடத்துகிறாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, வீல் என்று அழுகை. அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வருகிறது: “பால் பத்தலை போலிருக்கு. காலையில ஒரு பால் டின் வாங்கிட்டு வந்துடுங்க.”

அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. குழந்தை முழிக்கிறது, அப்படியென்றால் பசி. பசி என்றால் பால் குறைவு. உலகெங்கும் தாய்ப்பாலைப் பாதியில் நிறுத்திவிட்ட தாய்மாரிடம் காரணம் கேட்டால், பால் போதவில்லை என்பதே முன்வரிசையில் வந்து நிற்கும். அவர்களில் உண்மையிலேயே பால் சுரக்காதவர்கள் சிலர்; குழந்தையின் தூக்கத்தைப் பார்த்துப் பாலை அளந்தவர்கள் பலர். குழந்தையின் தூக்கம் ஒரு வழியில் வளர்கிறது, பால் வேறொரு வழியில் சுரக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால், புதிதாகப் பெற்றோரானவர்களின் பயத்தில் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

தொட்டிலில் கிடத்தியதும் முழித்துக்கொள்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா என்பவரின் குழு இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவை 21 குழந்தைகள். இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் சிறு கருவியை உடம்பில் பொருத்தி, அழும் குழந்தையை நான்கு விதமாக வைத்துப் பார்த்தார்கள்: அம்மா தூக்கிக்கொண்டு நடப்பது, தூக்கியபடி உட்கார்ந்திருப்பது, அசையாத தொட்டிலில் கிடத்துவது, ஆடும் தொட்டிலில் கிடத்துவது. உட்கார்ந்தபடி வெறுமனே தூக்கிவைத்திருந்தபோது அழுகை அடங்கவில்லை. நடந்தபோதும் தொட்டில் ஆடியபோதும் துடிப்பு தணிந்தது. ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்ததில் அழுகை நின்றது, ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் தூங்கியும்விட்டன. நம் ஊர்த் தூளியை ஆட்டிவிட்ட கைகளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும்.

அடுத்து வந்ததுதான் எதிர்பாராதது. தூங்கிய குழந்தையைக் கீழே கிடத்தும்போது துடிப்பு எகிறுகிறது. முதுகு மெத்தையில் படும்போது எகிறும் என்றுதான் யாரும் நினைப்போம். பதிவில் தெரிந்தது வேறு: அம்மாவின் உடம்பை விட்டுக் குழந்தையின் உடம்பு பிரியத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே எகிறிவிடுகிறது. தூங்கி எட்டு நிமிடம்போல ஆனபிறகு கிடத்திய குழந்தைகள் அவ்வளவாக முழித்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்தக் குழு தரும் யோசனை: ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள், அதற்குப் பிறகு கிடத்துங்கள். 21 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கைதான், எல்லாக் குழந்தைக்கும் இது பலிக்காது. ஆனால் இதே குழு 2013-இல் எலிக்குஞ்சுகளிடமும் இந்த அடக்கத்தைக் கண்டிருந்தது; தாய் வாயால் கவ்வித் தூக்கியதும் குஞ்சு கை கால் மடக்கி அசையாமல் தொங்கும். இதைச் சுமப்பமைதி என்று சொல்லலாம். தூக்கிச் செல்லும்போது அடங்குவதும், உடம்பு பிரிந்தால் உஷாராவதும் பாலூட்டிக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே அமைந்தவை. வயிறு நிறைந்ததா இல்லையா என்பது இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சரி, கிடத்தியாயிற்று. முக்கால் மணி நேரத்தில் மறுபடி நெளிகிறது, முனகுகிறது. இது ஏன்?

பச்சைக் குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள். இமைக்குக் கீழே கண்மணி உருளும். மூச்சு கொஞ்ச நேரம் வேகமாகும், சற்று நின்றதுபோல் தோன்றும், மறுபடி ஓடும். உதடு பால் குடிப்பதுபோல் சப்பும். திடீரென ஒரு சிரிப்பு, உடனே அழப்போவதுபோல் ஒரு சுளிப்பு. “நரி விரட்டுது” என்பார்கள் பாட்டிமார். இதை இயங்குதூக்கம் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரம் கழித்து முகம் அசைவற்றுப்போய், மூச்சு சீராகி, கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழும், அது அமைதித்தூக்கம். பெரியவர்களான நாம் முதலில் அமைதித்தூக்கத்தில் இறங்கி, அப்புறம்தான் கனவு வரும் பகுதிக்குப் போகிறோம். பச்சைக் குழந்தைக்கு வாசல் இயங்குதூக்கம்தான். அதனால்தான் தூங்கிய உடனே கிடத்தினால் அவ்வளவு எளிதாகக் கலைகிறது.

இந்த இயங்குதூக்கத்தை அறிவியல் கண்டுகொண்ட கதையிலும் குழந்தைகளுக்கு ஒரு பங்கு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மனின் மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, ஆரம்பத்தில் கைக்குழந்தைகள் தூங்கும்போது கண்ணும் இமையும் எப்படி அசைகின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர்களை ஆராய்ந்து, 1953-இல் இருவரும் கண் உருளும் தூக்கத்தைப் பற்றி எழுதினார்கள். 1966-இல் ராஃப்வார்க், மூசியோ, டிமென்ட் என்ற மூவர், பிறந்த குழந்தையின் தூக்கத்தில் சரிபாதி இந்த வகை என்று காட்டினார்கள். நமக்கு அது கால்பங்குக்குள் அடங்கிவிடும். தவிர, நம்முடைய ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். குழந்தையின் சுற்று 50, 60 நிமிடம்தான். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தூக்கம் மெலிந்திருக்கும். முனகல் அங்கேதான் வரும். அந்த முனகலுக்கெல்லாம் பாய்ந்து தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பிவிட்டதாகவும் ஆகலாம். அரை நிமிடம் பார்த்திருந்துவிட்டு, நிஜமான அழுகை என்றால் தூக்குவது நல்லது.

இரவு பகல் தெரியாமல் முழித்திருப்பதற்குக் காரணம் இன்னொன்று. கிளைட்மன் 1953-இலேயே ஏங்கெல்மன் என்பவரோடு சேர்ந்து கைக்குழந்தைகளின் தூக்கத்தை வாரக்கணக்கில் பதிவுசெய்தார். அதில் ஒரு குழந்தையின் பதிவு இன்றுவரை தூக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் படம். பசித்தபோது பால், வந்தபோது தூக்கம் என்று விடப்பட்ட குழந்தை அது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி. தூங்கிய நேரம் கோடு, பால் குடித்த நேரம் புள்ளி, விழித்திருந்த நேரம் வெற்றிடம். 11-ஆம் நாளில் தொடங்கி 182-ஆம் நாள்வரை வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகின்றன. மேலே கோடும் புள்ளியும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. கொஞ்சம் கீழே வந்தால் நீண்ட தூக்கம் ஒன்று உருவாகிறது, ஆனால் அது நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகிறது. குழந்தையின் நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்று தெரிகிறது. நான்கு மாதம் நெருங்கும்போது நீண்ட தூக்கம் இரவில் வந்து நிலைத்துவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஊரின் இரவோடு பொருந்துவதை வரி வரியாகப் பார்க்கலாம்.

அந்தக் கடிகாரத்துக்கு இருட்டைத் தெரிவிப்பது மெலட்டோனின் என்ற சுரப்பு. கருவில் இருந்தபோது அம்மாவின் மெலட்டோனினே குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. பிறந்தபிறகு சொந்தமாக ஓர் இரவு ஒழுங்கில் சுரக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சின்ன உதவி இருக்கிறது: இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலட்டோனின் இருக்கும், பகல்பாலில் இருப்பதே தெரியாது. பகலில் வீட்டில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கும், பேச்சில்லாத கையும் போதும். மூன்று மாதத்துக்கு முன் இதற்குமேல் பழக்கிவிட எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் பழகிவிடுவதில்லை. கனடாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். தூங்கிய குழந்தைக்கும் தூங்காத குழந்தைக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் தென்படவில்லை. “எங்க குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது, இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகைக்கும் ஒரு வளைவு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் அம்மாக்களை நாட்குறிப்பு எழுதவைத்து, 1962-இல் அதை வெளியிட்டார். இரண்டு வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்த அழுகை, ஆறு வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறி, அப்புறம் இறங்கியது. பெரும்பாலும் சாயங்கால அழுகை. மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் அமைதியாக இருந்த குழந்தை ஒரு மாதம் கழித்து மாலையானால் கத்தத் தொடங்குகிறது என்றால், பால் வற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த வளைவைத்தான் நினைக்க வேண்டும். மான்ட்ரியாலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் 1986-இல் செய்த சோதனையில், அழாதபோதும் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்த குழந்தைகள், ஆறு வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. தூக்கியே பழக்கினால் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கு இந்த வயதில் இடமே இல்லை.

இனிப் பாலுக்கு வருவோம். மார்பு ஒரு பாத்திரம், அதில் இவ்வளவு பால்தான் இருக்கும், தீர்ந்தால் தீர்ந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் “கொஞ்சம் இடைவெளி விடு, பால் ஊறட்டும்” என்கிறார்கள். உண்மையில் அது கிணற்று ஊற்று. இறைத்தால்தான் ஊறும், இறைக்காமல் விட்டால் ஊற்றுக்கண் தூர்ந்துவிடும். இது எப்படித் தெரியும் என்பதற்கு ஆடுகளிடம் செய்த அழகான சோதனை ஒன்று இருக்கிறது.

ஆட்டு மடிக்கு இரண்டு பாதிகள். இரண்டுக்கும் ஓடுவது ஒரே இரத்தம், அதே ஹார்மோன்கள். ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் இருந்த ஹன்னா ஆய்வு நிறுவனத்தில் பீக்கரும் அவரோடு இருந்தவர்களும் 1980-களில் ஒரு பாதியை மட்டும் அடிக்கடி கறந்தார்கள். கறந்த பாதியில் மட்டும் பால் கூடியது. மறு பாதி பழையபடியே இருந்தது. ஹார்மோன்தான் அளவைத் தீர்மானிக்கிறது என்றால் இரண்டிலும் கூடியிருக்க வேண்டுமே? அப்படியானால் அழுத்தம் குறைந்ததால் கூடியதா? கறந்த பாலுக்குப் பதில் அதே அளவு சத்தில்லாத கரைசலை உள்ளே நிரப்பிப் பார்த்தார்கள். மடி நிறைந்தே இருந்தது, அழுத்தமும் இருந்தது, ஆனாலும் பால் கூடியது. எனவே தேங்கி நிற்கும் பாலுக்குள்ளேயே சுரப்பை மட்டுப்படுத்தும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மனிதரிடம் இதை அளந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர். மார்பின்மேல் ஒளிக்கோடுகளைப் பாய்ச்சிப் படமெடுத்து, அதன் கன அளவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். நன்றாகக் காலியான மார்பில் பால் வேகமாகவும், நிறைந்த மார்பில் மெதுவாகவும் ஊறியது. 2006-இல் அதே குழு, தாய்ப்பால் மட்டுமே குடித்த, ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான 71 குழந்தைகளைப் பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டது. சராசரியாக நாளுக்கு 788 கிராம் பால். ஆனால் 478 கிராம் குடித்த குழந்தையும் இருந்தது, 1,356 கிராம் குடித்ததும் இருந்தது. ஒரு நாளில் ஆறு முறை குடித்தவை உண்டு, 18 முறை குடித்தவையும் உண்டு. மார்பில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒவ்வொரு முறையும் சராசரியாகக் குடித்தன. இரவில் குடித்தது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வது இத்தனை வேறுபாட்டையும் ஒரே அச்சில் திணிப்பதாகும்.

இப்போது அந்த டின் வீட்டுக்கு வந்தால் நடப்பதைக் கவனியுங்கள். இரவு ஒரு புட்டி கொடுத்தார்கள், குழந்தை நீண்ட நேரம் சப்பவில்லை. அந்த வேளைக்கு மார்பு காலியாகவில்லை, சுரப்பு மட்டுப்படுகிறது. நாளாக ஆக நிஜமாகவே பால் குறைகிறது. “நான் அன்னைக்கே சொன்னேனே” என்கிறார்கள். தவறான கணிப்பு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொண்டுவிட்டது.

முதல் மூன்று நாள்தான் மிகப் பெரிய சோதனை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் சரிகிறது. அதன்பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. அதற்கு இரண்டு, மூன்று நாள் ஆகும். அறுவைச் சிகிச்சையில் பிரசவமானால் இன்னும் தாமதமாகலாம்; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அப்படிப்பட்டவை. அதுவரை வருவது சீம்பால், முதல் நாளில் ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி முதல் இரண்டு தேக்கரண்டி வரை. அதுவே போதும். இந்த இடைவெளியில்தான் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் வைக்கிறோம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் விதைகள் பச்சைக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். கோடை வெயிலில்கூட ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீரும் வேண்டாம். வறண்ட வெயிலில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துத் தெளிந்த விஷயம் இது.

பால் போதுகிறதா என்று பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. பால் பெருகியபிறகு, அதாவது ஐந்தாம் நாள் அளவில், 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். கரிய மலம் மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் பத்து சதவீதத்துக்குமேல் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். மார்பு கனத்திருப்பதும், கையால் பீய்ச்சினால் எவ்வளவு வருகிறது என்பதும் நம்பத்தக்க அடையாளங்களே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் பால் போதாத குழந்தை பெரும்பாலும் அழுது ஊரைக் கூட்டாது, துவண்டு தூங்கும். மஞ்சள் காமாலை ஏறினால் இன்னும் தூங்கும். தூக்கம் கூடக் கூடக் குடிப்பது குறையும், குடிப்பது குறையக் குறையக் காமாலை ஏறும். “எங்க குழந்தை சமத்து, தொந்தரவே இல்லை” என்று வீடு மகிழ்ந்துகொண்டிருக்கும்போது எடை சரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே பால் குடிக்க எழுப்பியும் எழாத குழந்தை, ஈரத்துணி எண்ணிக்கை குறைந்த குழந்தை, மஞ்சள் பூத்த குழந்தை, இவற்றை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை என்று உண்மையான பால் குறைவுக்கும் காரணங்கள் உண்டு. அப்போது மருத்துவர் சொல்லும் அளவில் புட்டிப்பாலோ தானமாகக் கிடைக்கும் தாய்ப்பாலோ கொடுப்பது குழந்தையைக் காப்பது. அந்தத் தாய் யாரிடமும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

கெட்டியாக எதையாவது ஊட்டினால் தூங்கும் என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். 1989-இல் அமெரிக்காவில் 106 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஐந்து வாரத்திலிருந்தே படுக்கும் முன் தானியக் கஞ்சி கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் கூடவில்லை. 2018-இல் பிரிட்டனில் 1,303 குழந்தைகளோடு நடந்த பெரிய ஆய்வில், மூன்று மாதத்திலிருந்து திட உணவு பெற்றவை ஆறாம் மாதத்தில் இரவில் ஏறக்குறைய 17 நிமிடம் கூடுதலாகத் தூங்கின. அந்த 17 நிமிடத்துக்காக, ஆறு மாதம் நிறையும் முன்பே ராகிக்கூழை ஊட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூங்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. குழந்தையை எப்போதும் மல்லாக்கக் கிடத்துங்கள். குப்புறப் படுக்கவைப்பதைக் கைவிட்ட நாடுகளில் திடீர்ச் சிசு மரணங்கள் 1990-களில் பாதிக்குக் கீழே இறங்கின. தலையணை, மெத்துமெத்தென்ற விரிப்பு, சோபா மூன்றும் வேண்டாம். தூளியில் ஆட்டித் தூங்கவைக்கலாம். ஆனால் முதல் மாதங்களில் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு முட்டக்கூடும் என்பதால், தூங்கியபின் சமமான, கெட்டியான விரிப்புக்கு மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவையும் ஒரு தாய்க்கு யார் சொல்வது? டாக்காவின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியான பதில். அதே பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிரசவத்துக்கு முன் இரண்டு முறை, பிறந்த புதிதில் அடுத்தடுத்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 15 முறை. ஐந்தாம் மாதத்தில் அந்த வீடுகளில் 70 சதவீதக் குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தன. யாரும் போகாத வீடுகளில் 6 சதவீதம். இருபுறமும் அதே வறுமை, அதே நெருக்கடி. அழுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தி, “இது சரியாகத்தான் போகிறது” என்று சொல்ல ஒருத்தி இருந்தாள் என்பதே வித்தியாசம்.

நம் ஊரில் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அம்மா, மாமியார், கணவன். ஆனால் மருத்துவமனையில் பால் கொடுப்பது பற்றிச் சொல்லும்போது அந்தத் தாய் மட்டும்தான் அறைக்குள் இருக்கிறாள், அதுவும் மயக்கமும் வலியுமாக. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பாட்டியாகப்போகிறவரையும் உள்ளே உட்காரவைத்து, ஈரத்துணியை எண்ணுவது எப்படி, ஆறாவது வாரத்தில் அழுகை ஏன் ஏறும், எந்தத் தூக்கம் ஆபத்து என்று அவரிடமே சொல்லலாம். கணவனுக்கு வேலை இன்னும் தெளிவு: பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடப்பது, எட்டு நிமிடம் உட்கார்ந்திருப்பது. அந்த நேரத்தில் அவள் தூங்கிவிடலாம்.